ஒற்றை அடி தர மாட்டேன்

"மெஷின் வந்தாச்சு, இனிமே நீங்க வர வேண்டாம்" என்று என்னிடம் சொன்னவர்கள் மூன்று ஸ்டூடியோக்காரர்கள். மூவரும் அதை நல்ல செய்தி போலத்தான் சொன்னார்கள். ஒருவர் அந்த மெஷினை எனக்குக் காட்டவும் ஆசைப்பட்டார். டிபன் டப்பா அளவுதான் இருந்தது, மேலே வரிசையாக ரப்பர் பட்டன்கள். ஒன்றை அழுத்தினால் காலால் மிதித்து அடிக்கிற பாஸ் டிரம், இன்னொன்றை அழுத்தினால் படபடக்கிற சின்ன டிரம்மான ஸ்நேர்.

"கேளுங்க மேடம், அப்படியே உங்களை மாதிரியே இல்லே?" என்றார்.

"என்னை மாதிரின்னா வந்ததும் டீ கேட்டிருக்குமே" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். வாய் சும்மா இருக்காது. ஆனால் பஸ் ஸ்டாப்பில் நின்றபோது கண்ணில் தண்ணீர் வந்தது உண்மை.

என் பேர் மெர்சி. புனேயில் தாபோடியில் வளர்ந்தவள். அப்பா நாசரேத்திலிருந்து வந்து ராணுவ ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்தார். நான் சர்ச்சில் டிரம்ஸ் வாசிக்க ஆரம்பித்து, கேம்ப் என்கிற கண்டோன்மென்ட் பக்கத்து ஹோட்டல்களில் பேண்டோடு வாசித்து, தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ரெக்கார்டிங்குக்குள் நுழைந்தேன். "லேடி டிரம்மரா? அடி பலமா விழுமா?" என்று கேட்காத இன்ஜினியர் கிடையாது. "மைக்கைக் கொஞ்சம் தள்ளி வெச்சுக்கோங்க" என்பதுதான் என் பதில். ஒரு பாட்டு இங்கே, ஒரு விளம்பரம் அங்கே என்று ஓடிக்கொண்டிருந்தது. பிறகு மெஷின் வந்தது, ஓட்டம் நின்றது.

இரண்டாயிரம் பிறந்த பிறகு ஒரு நாள் சிரீஷ் என்பவர் போன் செய்தார். எரண்டவணேயில் ஸ்டூடியோ வைத்து மராத்திப் பாட்டு ஆல்பங்கள் போடுகிறவர். அவர் பேசுவதெல்லாம் இந்தி. இங்கே தமிழில் எழுதுகிறேன். "மெஷின் சத்தம் எனக்கே அலுத்துப்போச்சு. பழைய மரத்துச் சத்தம் வேணும். மொத்தம் ஏழு பாட்டு. நல்ல செட்டா கொண்டு வாங்க" என்றார்.

அதுவரை ஒரு ஆல்பம் முழுக்க நான் வாசித்ததே இல்லை. முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை என் கை இருக்க வேண்டும் என்பதைவிடப் பெரிய ஆசை எனக்கு எதுவும் இருந்ததில்லை. ஸ்டூடியோக்கள் போய்க்கொண்டிருந்த போக்கில், இதை விட்டால் வேறு வாய்ப்பு வராது என்பதும் தெரியும். கிறிஸ்மஸ் முடிந்ததும் செட்டோடு வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அந்த நிமிஷம் என்னிடம் அப்படி ஒரு செட் இல்லை.

1. கிர்கீ கிளப்பின் சாமான் அறை

என்னிடம் இருந்தது ஹோட்டல் மேடைக்கான செட். கூட்டத்துக்கு முன்னால் நன்றாக அதிரும். மைக் முன்னால் வைத்தால் எண்ணெய் டின்னைத் தட்டுகிற மாதிரி இருக்கும். எம்.ஜி. ரோட்டில் கடை கடையாக ஏறி இறங்கினேன். புது செட்டெல்லாம் பளபளவென்று இருந்தன. கடைக்காரர் என்னைவிட்டு என் கணவரிடம்தான் விளக்கம் சொன்னார். கணவருக்கு டிரம்ஸைப் பற்றி ஒன்றும் தெரியாது, ஆனால் மரியாதையாகத் தலையாட்டினார்.

கடைசியில் கிடைத்தது கிர்கீயில். ஒரு பழைய டான்ஸ் கிளப்பை இடிக்கப்போவதாகவும் சாமான்களைத் தள்ளிவிடுவதாகவும் கேள்விப்பட்டுப் போனேன். உடைந்த நாற்காலிகளுக்குப் பின்னால் ஒரு இங்கிலாந்து செட். மேல் உறை முழுக்கப் பூஞ்சை. ஸ்க்ரூக்கள் துருப்பிடித்து இறுகியிருந்தன. துரு என்னைப் பயமுறுத்தாது, அதைக் கழற்றி மாற்றலாம். ஷெல், அதாவது டிரம்மின் மர வளையம், கோணிப்போயிருந்தால்தான் ஒன்றும் செய்ய முடியாது. ஸ்கேலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் குறுக்கே வைத்து அளந்தேன். டாம் என்கிற நடுத்தர டிரம் ஒன்று கோணியிருந்தது, விட்டுவிட்டேன். மற்றதையெல்லாம் தோல் இல்லாமல் கையில் தூக்கிப் பிடித்து விரல் முட்டியால் தட்டினேன். நல்ல ஷெல் வெறும் மரமாக இருக்கும்போதே ஒரு சுரம் சொல்லும். இவை சொல்லின.

வெண்கலத் தட்டு சிம்பல்கள் நான்கு இருந்தன, எல்லாம் கறுத்துக் கிடந்தன. சிம்பலை வாங்கும்போது கண்ணைவிட நகம் முக்கியம். ஓரம் முழுக்க நகத்தை ஓட்டினால் கண்ணுக்குத் தெரியாத விரிசலில் நகம் மாட்டும். நடுக்குமிழ் பக்கத்தில் விரிசல் என்றால் அது வெறும் தட்டுதான். ஓரத்தில் சின்ன விரிசல் என்றால் அந்த இடத்தைப் பிறை போல வெட்டி எடுத்து அரத்தால் வழித்துவிடலாம். இரண்டு தேறின. சின்னது க்ராஷ், ஒரே அடியில் முழங்குகிற சிம்பல். பெரியது ரைடு, பாட்டு நெடுக தாளம் ஓட்டுகிற சிம்பல். அதை விரலில் தொங்கவிட்டுத் தட்டினேன். புகை மாதிரி ஒரு சத்தம் எழுந்து, மெதுவாக அடங்கியது. அங்கேயே, அந்தத் தூசியில் நின்று சிரித்தேன்.

2. டூல்ரூம்காரர் செய்த விளிம்பு

என் கணவர் ஜெபராஜ் ஆகுர்டியில் ஒரு கார் கம்பெனியில், அச்சும் கருவிகளும் செய்கிற டூல்ரூமில் வேலை பார்த்தார். மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் தூக்கம் வராத ஆள். ஷெல்லின் விளிம்பில்தான் தோல் உட்காரும். அது எங்காவது தாழ்ந்திருந்தால் தோல் சுருதிக்கு வராது. அவருடைய நண்பர் ஒருவரின் லேத் பட்டறையில் கனமான இரும்பு சர்ஃபேஸ் டேபிள் இருந்தது. தட்டை என்றால் அப்படி ஒரு தட்டை. அதன் மேல் ஷெல்லைக் கவிழ்த்து, உள்ளே ஒரு பல்பை வைத்து, ஷட்டரை இறக்கினோம். எங்கெல்லாம் வெளிச்சம் கசிந்ததோ அங்கெல்லாம் விளிம்பு தாழ்வு. அதைப் பார்த்ததும் அவருக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"நீ வீட்டுக்குப் போ. ஒரு டிராயிங் மட்டும் குடு, மிச்சத்த நான் பாத்துக்கிடுதேன்" என்றார்.

"இதுக்கு டிராயிங்லாம் கிடையாதுங்க. காதுதான்."

"காது எத்தன டிகிரின்னு எழுதிக் குடு."

நான்கு நாளில் ஒரு டாமை முடித்துக் கொண்டுவந்தார். ஒரு பொட்டு வெளிச்சம்கூடக் கசியவில்லை. ஆனால் விளிம்பைக் கத்தி போலக் கூர்மையாக நிறுத்திவிட்டார். டூல்ரூம்காரருக்கு அதுதான் அழகு. தோல் மாட்டி அடித்தால் கண்ணாடி டம்ளரைத் தட்டினது போல் கிணுகிணுத்தது.

"பழைய விளிம்பு எப்படி இருந்துச்சின்னு பாத்தீங்களா? சப்பாத்திப் பலகை ஓரம் மாதிரி உருண்டு இருந்துச்சில்லா?"

"அது தேஞ்சு போயி அப்படி ஆயிருக்கு மெர்சி."

"தேயல. அப்படித்தான் செஞ்சிருக்கான். உருண்ட விளிம்புல தோல் படிஞ்சு உக்காரும், சத்தம் சீக்கிரம் அடங்கும். எனக்கு அதுதான் வேணும்."

இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். இவ்வளவு சுத்தமான வேலையை மழுங்கடிக்கச் சொல்கிறாளே என்று அவருக்கு வருத்தம். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது, ஆனால் விடவில்லை. மூன்றாம் நாள் அவரே உப்புத்தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். கொஞ்சம் தேய்ப்பார், நான் தோலை மாட்டி அடிப்பேன், "இன்னும்" என்பேன், மறுபடி கழற்றுவோம். ஒரு அடியில் இருவரும் ஒரே நேரத்தில் நிமிர்ந்து பார்த்துக்கொண்டோம். அதற்கு மேல் தொடவில்லை. மற்ற ஷெல்களையும் அதே போல் முடித்தார். பாஸ் டிரம்முக்குள் ஒரு சோலாப்பூர் சாதர் போர்வையை மடித்து வைத்தேன், தேவையில்லாத அதிர்வை அது குடித்துக்கொள்ளும்.

3. கிறிஸ்மஸ் புளி

சிம்பல் கறுப்பாக இருப்பது அழுக்கு என்று வெளியில் இருப்பவர்கள் நினைப்பார்கள். அந்தக் கறுப்புப் படலம் ஏறின சிம்பலுக்குத்தான் மைக் முன்னால் மென்மையான சத்தம் வரும் என்பது எங்கள் தொழிலில் பெரும்பாலோர் நம்பிக்கை. அதனால் நான் ரைடைத் துடைப்பதுகூட இல்லை.

எங்கள் வீடுகளில் கிறிஸ்மஸுக்கு முந்தின வாரம் பித்தளை, வெண்கலம் எல்லாவற்றையும் இறக்கிப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்ப்பார்கள். தேய்க்காத வீட்டைப் பற்றி ஊரில் பேச்சு வரும். அந்த வருஷம் என் மாமியார் நாசரேத்திலிருந்து வந்திருந்தார். நான் கடைக்குப் போய்விட்டுத் திரும்பினால், முற்றத்துக் குழாயடியில் குடம், தாம்பாளம், ஆப்பச்சட்டி மூடி, நடுவில் என் ரைடு. பாதி தங்கம் மாதிரி மின்னுகிறது. மீதிப் பாதிக்குக் கையில் புளியோடு போய்க்கொண்டிருக்கிறார்.

"அத்தே! நிறுத்துங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு மராத்தி அம்மா ஓடிவந்துவிட்டார்.

மாமியார் அசையவில்லை. "என்னத்துக்குக் கத்துத? பாசி புடிச்சுக் கெடந்துச்சி. பண்டிகைக்கு வாரவங்க பாத்தா என்ன சொல்லுவாங்க?"

"சத்தம் போயிருமே அத்தே!"

"தட்டு சுத்தமா இருந்தாத்தான சத்தம் சுத்தமா வரும்? நீ எங்கிட்ட சொல்ல வந்துட்ட."

தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். ரெக்கார்டிங்குக்கு அதிக நாள் இல்லை. புளிப்பு நிற்காமல் இருக்கத் தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கழுவி, துணியால் ஒற்றி, ஸ்டாண்டில் மாட்டினேன். கோபத்தோடுதான் குச்சியை எடுத்தேன். கறுப்புப் பக்கம் குச்சி பட்டால் தட்டென்று அடங்கிய சத்தம். மின்னுகிற பக்கம் பட்டால் அதே சிம்பல் டிங்கென்று எட்டிப் பார்த்தது. மறுபடி மறுபடி அடித்துப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டும் அடித்துப் பார்த்தேன்.

சிம்பல் சுற்றிவிடாமல் இருக்க ஸ்டாண்டில் ரப்பர் டியூப் செருகி இறுக்கினேன். சரணத்துக்குக் கறுப்புப் பக்கம், பல்லவிக்கு மின்னுகிற பக்கம் என்று வைத்துக்கொண்டேன். இதைப் பிரமை என்று சொன்ன இன்ஜினியர்கள் உண்டு. சொல்லிவிட்டுப் போகட்டும், வாசிக்கிறவள் நான். மாமியாரிடம் மட்டும் இதை நான் ஒத்துக்கொள்ளவே இல்லை. ஒத்துக்கொண்டால் அடுத்த கிறிஸ்மஸுக்கு மீதியையும் தேய்த்துவிடுவார்.

4. மூச்சை அடக்கச் சொன்னார்கள்

ஸ்டூடியோ ஒரு பங்களாவின் கீழ்த்தளத்தில் இருந்தது. இன்ஜினியர் விக்னேஷ், சேலத்துப் பெற்றோருக்குப் பிம்ப்ரியில் பிறந்தவர். தமிழ் பேசுவார், ஆனால் ஒவ்வொரு வார்த்தைக்கும் கொஞ்சம் யோசிப்பார். நல்ல காது. செட்டை மாட்டி நான் இரண்டு சுற்று வாசித்ததும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சிரீஷ் எழுந்து நின்றுவிட்டார். "இதைத்தான் கேட்டேன்" என்று ஹெட்ஃபோனில் சொன்னார். எனக்கு உள்ளுக்குள் ஏக சந்தோஷம்.

பிறகு விக்னேஷ் லெவல், அதாவது ஒவ்வொரு மைக்கின் சத்த அளவையும், பார்க்க ஆரம்பித்தார்.

"ஆன்ட்டி, முதல்ல பாஸ் டிரம் மட்டும். ஒரு அடி. அப்புறம் சும்மா இருங்கோ."

அடித்தேன்.

"இப்போ தோடா... கொஞ்சம் மெதுவா ஒண்ணு."

அடித்தேன்.

"இப்போ ஃபுல் ஜோரா ஒண்ணு. சவுண்ட் முடியற வரைக்கும் மூச்சுகூட விடாதீங்கோ ஆன்ட்டி."

மூன்றாவதையும் அடித்தேன். அடித்துவிட்டு மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோதுதான் உறைத்தது. லெவல் பார்ப்பதற்கு ஒரு டிரம்மைத் தொடர்ந்து தட்டிக்கொண்டே இருப்பார்கள். பலம் பலமாகப் பிரித்து அடிக்க வேண்டியதில்லை, சத்தம் சாகும்வரை காத்திருக்க வேண்டியதும் இல்லை.

"விக்னேஷ், இது லெவலுக்கா? எதுக்கு மூச்சை அடக்கச் சொல்றே?"

"அது... சார் சொன்னார் ஆன்ட்டி. சாம்பிள் எடுக்கணும்னு."

"எடுத்து?"

"ஒரு ஒரு டிரம்மோட அடியும் கம்ப்யூட்டர்ல போட்டு வெச்சுட்டா, நான் ஏழு பாட்டும் அதுலயே ப்ரோகிராம் பண்ணிடுவேன்."

"அப்போ நான்?"

"நீங்க இன்னைக்கு மட்டும் வந்தா போதும் ஆன்ட்டி. நாளைக்கு அலைய வேண்டாம்."

எனக்கு நல்லது செய்கிறோம் என்ற நினைப்பில்தான் அவர் அதைச் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கோபம் ஒரு பக்கம், அவமானம் ஒரு பக்கம். நாங்கள் தேய்த்துத் தேய்த்துக் கொண்டுவந்த சத்தம் அவர்களுக்கு வேண்டும், அதை வாசிக்கிறவள் வேண்டாம். இந்த நஷ்டம் என்னோடு போனாலும் பரவாயில்லை. அந்த அடிகள் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டால் அந்த ஸ்டூடியோ இனி எந்த டிரம்மரையும் கூப்பிடாது. ஊரில் வாசிக்கிற அத்தனை பேரையும் என் கையாலேயே நான் வீட்டுக்கு அனுப்பினதாக ஆகும்.

வேலை நின்றதைப் பார்த்து சிரீஷ் உள்ளே வந்தார். விஷயத்தைச் சொன்னேன். சிரித்தார்.

"உங்க சத்தம்தானே மேடம் இருக்கப்போகுது? அட்டையில டிரம்ஸ் மெர்சின்னு பேர் போடறேன்."

"வாசிக்காத பாட்டுக்கு என் பேர் எதுக்கு சார்?"

"கை வலிக்காம வேலை முடியுது, அதுல என்ன கஷ்டம்?"

"கை வலிக்கத்தான் சார் வந்தேன். ஏழு பாட்டும் உக்காந்து வாசிக்கிறேன். இல்லேன்னா செட்டைக் கழட்டிட்டுப் போறேன். ஒற்றை அடி கிடையாது."

"மும்பையில பெரிய பெரிய ஆளுங்களே குடுக்கறாங்க."

"அது அவங்க கை. இது என் கை."

ரைடின் மேல் திருகைக் கழற்ற ஆரம்பித்தேன். ஒரு முழு ஆல்பம் என்ற ஆசையை நானே கழற்றிப் பைக்குள் போடுகிற மாதிரி இருந்தது. பக்கத்து அறையில் பேஸ் கிட்டார்காரரும் பாடகியும் வந்து காத்திருந்தார்கள். மெஷின் சத்தம் வேண்டாம் என்று ஒதுக்கினதும் சிரீஷ்தான். அவர் வாசலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சரி, வாசிங்க. ஆனா ஒவ்வொரு பாட்டு முடிவிலயும் ஸ்நேர்ல நாலு அடி மட்டும் விடுங்க. எடிட் பண்ண வசதியா இருக்கும்."

"விடறேன். முதல்ல அந்த மூணு அடியை அழிக்கச் சொல்லுங்க."

கண்ட்ரோல் ரூமுக்குப் போய் விக்னேஷ் பின்னால் நின்றேன். ஸ்க்ரீனில் மூன்று கோடுகள் எழுந்து நின்றன. அவர் அழித்தார். குப்பைத் தொட்டியிலிருந்தும் அழிக்கச் சொன்னேன். அதன் பிறகுதான் செட்டுக்குத் திரும்பினேன்.

5. நாலு அடி கேட்டார், கொடுத்தேன்

எடிட் வசதிக்கு நாலு அடி என்று எந்த எடிட்டரும் கேட்டதில்லை. முன் வாசலில் கிடைக்காததைப் பின் வாசலில் எடுக்கப் பார்க்கிறார் என்பது தெரிந்தது. நான் சண்டை போடவில்லை. பதிலை வாசிப்பில் வைத்துக்கொண்டேன்.

டிரம் செட்டில் எந்த மைக்கும் தன் முன்னால் இருப்பதை மட்டும் கேட்காது. ஸ்நேர் மைக்குக்குள் சிம்பலும் வரும். ஸ்நேர் அடிக்கும்போது ரைடு ஒலித்துக்கொண்டிருந்தால், அந்த அடியைத் தனியாக வெட்டி எடுப்பது காபியிலிருந்து பாலைப் பிரிக்கிற வேலை. அதனால் ஏழு பாட்டிலும் ரைடை நான் சாகவிடவில்லை. ரைடு ஓயும் இடத்தில் இடது கால் ஹைஹாட்டை, மிதியால் மூடித் திறக்கிற ஜோடி சிம்பலை, திறந்து ஒலிக்கவிட்டது. பாட்டைக் கெடுத்து அடம்பிடிக்கவும் இல்லை. தாலாட்டு மாதிரி ஒரு பாட்டு இருந்தது, அதற்கு ரைடின் கறுப்புப் பக்கத்தில் குச்சி முனையால் மட்டும் உரசினேன். "இந்தச் சத்தத்து மேல படுத்துக்கிட்டே பாடலாம் போல இருக்கு" என்றாள் பாடகி.

பாட்டு முடிவில் சிரீஷ் கேட்ட நாலு அடியையும் தவறாமல் கொடுத்தேன். ஒவ்வொரு முறையும் அதற்கு முன்னால் க்ராஷ் சிம்பலில் ஒரு அடி போட்டுவிட்டு, அது முழங்கிக்கொண்டிருக்கும்போதே கொடுத்தேன். இரண்டு நாளில் ஏழு பாட்டும் முடிந்தன. கடைசிப் பாட்டில் கை உண்மையிலேயே வலித்தது. அன்று ராத்திரி தூங்கின மாதிரி வேறு எப்போதும் நன்றாகத் தூங்கினதில்லை.

சில வாரம் கழித்து விக்னேஷ் தாபோடியில் எங்கள் வீட்டுக்கு வந்தார், கையில் புது சிடி. டீயைக் குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் நெளிந்தார்.

"சாரும் நானும் ரொம்ப ட்ரை பண்ணோம் ஆன்ட்டி. ஒரு ஸ்நேர்கூட க்ளீனா வரல. எங்க வெட்டினாலும் சிம்பல் இருக்கு."

"இருக்கும்."

"வேணும்னே பண்ணீங்களா?"

"ஆமாப்பா. வேணும்னேதான்."

அவர் முகத்தில் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். "சார் இனிமே உங்களைக் கூப்பிட மாட்டார் ஆன்ட்டி."

"தெரியும்."

சொன்ன மாதிரியே சிரீஷ் அதன் பிறகு கூப்பிடவில்லை. வேறு யாருடைய அடிகளையோ எங்கிருந்தோ வாங்கிக்கொண்டார். அந்த சிடியின் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், என் பேர் இல்லை. வலித்தது. சிடியைப் போட்டேன். முதல் பாட்டிலிருந்து ஏழாவது பாட்டின் கடைசி முழக்கம் வரை நான்தான். ஜெபராஜ் இரண்டாவது பாட்டில் டாம் வரும் இடத்தைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டுவிட்டு, "என் விளிம்பு" என்றார்.

இப்போது வாசிக்க வருகிறவர்களுக்கு நான் படித்துக்கொண்ட பாடம் இதுதான். மரத்தையும் வெண்கலத்தையும் பார்த்துப் பொறுக்குங்கள், பொறுமையாகச் சரி செய்யுங்கள், ஆனால் அது பாதி வேலைதான். ஒரு அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் எவ்வளவு விடுவது என்பதுதான் டிரம்மரின் வேலை, அதை ஒற்றை அடியில் யாரும் எடுத்துக்கொண்டு போக முடியாது. லெவல் பார்க்கச் சொன்னால் தாராளமாக அடியுங்கள். மூச்சை அடக்கச் சொன்னால் குச்சியைக் கீழே வையுங்கள். வேலை போகும். எனக்கும் போனது. போனால் போகட்டும் என்று அன்றைக்குச் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன்.

முழுப் பாட்டு இருந்தால் கூப்பிடுங்கள், வருகிறேன்.